பதுங்குகுழியும் சரணாகதியும்

வான்தாக்குதலிலிருந்து மக்களைக் காக்கும் புகலிடம் மூன்று ஆபத்துகளைக் கணக்கில் வைத்து அமைக்கப்படுகிறது: குண்டு வெடிக்கும்போது கிளம்பும் காற்றழுத்தம், சிதறிப் பாயும் இரும்புத் துண்டுகள், தலைமேல் இடிந்து விழும் கட்டடம். நேரே வந்து விழும் குண்டைத் தாங்குவது நான்காவது. அதற்குக் கனத்த கான்கிரீட்டோ ஆழமான சுரங்கமோ வேண்டும் என்பதால், சாதாரண மக்களுக்கான புகலிடங்கள் பெரும்பாலும் அந்த முயற்சியில் இறங்குவதே இல்லை. இரும்புத் துண்டு நேர்கோட்டில் பாயும். ஆகவே குழி வளைந்திருக்க வேண்டும். ‘எல்’ வடிவமோ வளைவும் நெளிவுமான பள்ளமோ தோண்டுவதன் காரணம் இதுதான்: ஒரு முனையில் வெடித்தது மறுமுனையில் இருப்பவரைத் தொடாது. மேலே மரம் அடுக்கி, தகரம் பரப்பி, மண்ணைக் கொட்டினால் கூரை. ஒரு வாசல் மூடிக்கொண்டாலும் வெளியேற இன்னொரு வழி வேண்டும். மழைத்தண்ணீர் வடிய ஒரு மூலையில் சிறு கிடங்கும் வேண்டும். பிரிட்டனில் 1938-இல் வடிவமைக்கப்பட்ட ஆண்டர்சன் புகலிடம் இந்தக் குழியின் தொழிற்சாலைப் பதிப்பு. நெளிதகடுகளை வளைத்துப் பூட்டி, தோட்டத்தில் நாலடி ஆழத்தில் பாதி புதைத்து, மேலே மண் போட வேண்டும். ஆறு பேருக்கு இடம்.

இப்படி ஒரு குழியைத் தோண்டுகிறவர் தெய்வத்தை நம்புகிறவராகவும் இருந்தால் ஒரு கேள்வி எழுகிறது. காப்பவன் இருக்கிறான் என்று சரணடைந்த பிறகு மண்வெட்டி எதற்கு? குழி தோண்டுவது நம்பிக்கைக் குறைவா? கேள்வி பொதுவானதுதான். ஆனாலும் அதை அலசுவதற்குத் தொண்டை மண்டலத்தைப் போல் பொருத்தமான இடம் குறைவு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், இன்று கைப்பேசியும் வீட்டு மின்சாதனமும் செய்யும் ஆலைகளுக்குப் பேர்போன சுங்குவார்சத்திரம், இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கிறது. கிழக்கே, 1017-இல் இராமாநுசர் பிறந்ததாக மரபு சொல்லும் ஸ்ரீபெரும்புதூர். மேற்கே, வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புலைத் தன்னுள் கொண்ட காஞ்சிபுரம். சரணாகதி என்ற கருத்தை நூலாகவும் வாழ்க்கையாகவும் வகுத்தவர்களின் பாதை இந்தச் சாலையை ஒட்டியே போகிறது.

வைணவ ஆசாரியர்கள் சரணாகதிக்கு அங்கங்கள் வகுத்தார்கள். இறைவனுக்கு உகந்ததைச் செய்யும் உறுதி, உகவாததை விலக்குதல், தனக்கு வேறு கதியில்லை என்ற எளிமை, காக்கும்படி வேண்டுதல் ஆகியவற்றோடு, அவன் காப்பான் என்ற மகாவிசுவாசமும் அவற்றுள் ஒன்று. பின்னாளில் வடகலையார், தென்கலையார் என்று பிரிந்தவர்களின் வாதத்தில் நடுவில் நின்றது, இதில் மனிதனின் பங்கு எவ்வளவு என்பதே. தாய்க் குரங்கைக் குட்டி பற்றிக்கொள்கிறது. பூனையோ குட்டியைத் தானே கவ்விச் செல்கிறது. முன்னது வடகலையாருக்கும் பின்னது தென்கலையாருக்கும் உவமையாயிற்று. இந்த உவமையை மட்டும் வைத்துப் பார்த்தால் பூனைக் கட்சிக்காரர் பதுங்குகுழி தோண்டக் கூடாது. குரங்குக் கட்சிக்காரர் வேண்டுமானால் தோண்டலாம். வரலாற்றில் நடந்தது வேறு.

சைவத்தில் எதிர்ப்பக்கத்துச் சான்று ஒன்று உண்டு. திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் ஏழு நாள் பூட்டி வைத்ததாகவும், சுண்ணாம்புக் காளவாயான அந்த அறை அவருக்குக் குளிர்ந்த இடமாக இருந்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது. கொல்வதற்கென்று கட்டிய அறை காக்கும் அறையாகிறது. அவர் எதையும் தோண்டவில்லை. அச்சமின்மைக்குத் தமிழில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடையாது. ஆனால் அந்த அறைக்குள் இருந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. பணயம் அவருடைய உயிர், தீர்மானமும் அவருடையது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விமானச் சத்தம் கேட்கும் தாய்க்கு அந்தச் சான்றை நீட்டுவது முறையாகாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதை அறியாமை என்று வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் ஒதுக்கிவிடுகிறார்.

பூனை உவமையின் பக்கம் நின்ற பிள்ளை லோகாசாரியர் போர் வந்தபோது என்ன செய்தார் என்பதை ஸ்ரீரங்கத்து மரபு விரிவாகவே சொல்கிறது. டெல்லி சுல்தானியப் படை 1323-இல் தெற்கே இறங்கியபோது, மூலவர் சந்நிதியின் முன் கல்திரை எழுப்பப்பட்டது. கருவறை இருக்குமிடம் தெரியாதபடி அடைத்துவிட்டு, முதிர்ந்த வயதிலிருந்த லோகாசாரியர் உற்சவரான அழகிய மணவாளரைச் சிலரோடு எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார். மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. அதே தாக்குதலில் வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவே கிடந்து, சுருதப்பிரகாசிகை என்ற உரைநூலின் சுவடியையும் அதன் ஆசிரியருடைய இரு பிள்ளைகளையும் காத்தார் என்பதும் மரபுச் செய்தி. உற்சவர் கேரளம், மேல்கோட்டை, திருமலை என்று சுற்றி, 1371-இல் விசயநகரத் தளபதி கோபணன் காலத்தில் திரும்பினார். இவர்களுக்கெல்லாம் முன்பே, சோழ மன்னன் ஒருவனின் கோபத்திலிருந்து தப்ப இராமாநுசரே காவியைக் களைந்து வெள்ளையுடுத்தி மேல்கோட்டைக்குப் போனதாகவும், அவர் உடையில் அரசவைக்குப் போன சீடர் கூரத்தாழ்வான் கண்ணிழந்ததாகவும் குருபரம்பரை சொல்கிறது. சரணாகதியைப் போதித்தவர்களுக்குத் தலைமறைவு கூச்சமாக இருக்கவில்லை.

கல்திரையை அவசரத்தில் தோன்றிய யோசனை என்று நினைக்க வேண்டியதில்லை. ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை எப்படி ஒளிப்பது என்பதற்கு ஆகமத்திலேயே விதி உண்டு. மரீசி முனிவர் பெயரில் வழங்கும் விமானார்ச்சனா கல்பம் என்ற வைகானச நூல் அதை முறையாகச் சொல்கிறது. எதிரியின் அச்சம் நேரும்போது மறைவான இடத்தில் குழி தோண்ட வேண்டும். அடியில் மணல் பரப்ப வேண்டும். நிலமகளை வேண்டிக்கொள்ள வேண்டும். உற்சவத் திருமேனியிலுள்ள சாந்நித்தியத்தை மூலவரிடத்திலோ அர்ச்சகரின் இதயத்திலோ ஒடுக்க வேண்டும். அச்சம் நீங்கும்வரை நிலமகளோடு சயனித்திருக்கும்படி இறைவனிடம் விண்ணப்பித்துத் திருமேனியைக் கிடத்தி, மண்ணால் மூட வேண்டும். அதுவரை வழிபாடு நிற்கக் கூடாது. தருப்பைக் கூர்ச்சத்தில் ஆவாகனம் செய்து நடத்த வேண்டும். பதுங்குகுழிக்குத் தமிழகக் கோயில் மரபு எழுதிவைத்த கட்டட விதி என்றே இதைக் கொள்ளலாம். அதில் வடிகால் மணலும் உண்டு, மேல்மூட்டமும் உண்டு. உள்ளிருப்பவரிடம் அனுமதி கேட்கும் மரியாதை மட்டும் பிற்காலப் பொறியாளர்களின் கையேடுகளில் இல்லை.

இந்த விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. திருவெண்காட்டில் 1951-இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த, இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கும் ரிஷபவாகன மூர்த்தியும், விழுப்புரம் பக்கத்து எசாலத்தில் 1987-இல் வெளிவந்த செப்புத் திருமேனிகளும் இப்படி யாரோ பத்திரமாகக் கிடத்திவிட்டுப் போனவையே. திரும்பி வந்து எடுப்போம் என்று புதைத்தவர்கள் வரவில்லை. இடம் தெரிந்தவர்கள் செத்துப்போயிருக்கலாம். தெரிந்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருக்கலாம். நன்றாக மறைத்த புகலிடத்துக்கு உள்ள கெடுதல் இது: எதிரிக்குத் தெரியாதது உறவுக்கும் தெரியாமல் போகிறது.

காஞ்சிபுரத்தின் கதை பெரும்பாலும் நன்றாக முடிந்தது. ஔரங்கசீப்பின் படை வருகிறது என்ற அச்சத்தில், 1688-இல் ஊரின் பெரிய கோயில்களின் உற்சவர்கள் சவங்களைப் போலச் சுற்றிக் கட்டப்பட்டு ரகசியமாக வெளியே கொண்டுபோகப்பட்டார்கள். போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையத்துக் காடு. அங்கே இருந்த பாளையக்காரருக்கு விருந்தாளிகளைத் திருப்பியனுப்ப மனமில்லை. லாலா தோடர்மல்லர் என்ற அதிகாரியும் ஆத்தான் ஜீயரும் முயன்றதில் வரதராசர் 1710-இல் ஊர் திரும்பினார். இதைச் சொல்லும் கல்வெட்டு தாயார் சந்நிதி முன் இருக்கிறது. பங்காரு காமாட்சி திரும்பவே இல்லை, தஞ்சாவூரில் கோயில்கொண்டுவிட்டாள்.

தெய்வத்தையே மனிதர் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது வைணவ உரையாசிரியர்களைச் சங்கடப்படுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றும். அவர்களோ அதற்கு முன்பே பதிலை எட்டியிருந்தார்கள். பெரியாழ்வார் இறைவனைக் கண்டதும் தனக்கென்று எதையும் கேட்காமல், அவனுக்குக் கண்ணேறு படுமோ என்று பதறிப் பல்லாண்டு பாடினார். எல்லாம் வல்லவனுக்கு ஒரு மனிதன் காப்பிடுவது எப்படிப் பொருந்தும்? அறிவின் நிலையில் காப்பவன் காப்பவனாகவும் காக்கப்படுபவன் காக்கப்படுபவனாகவும் இருப்பார்கள். அன்பின் நிலையில் அது தலைகீழாகிவிடும் என்று லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் விளக்குகிறார். அர்ச்சையாக, அதாவது கோயில் திருமேனியாக, எழுந்தருளும்போது இறைவன் தன்னை அடியார் கையில் ஒப்படைத்துவிடுகிறான். குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் அவர்கள் பொறுப்பு என்றால், ஒளித்துவைப்பதும் அவர்கள் பொறுப்பே. இதை எழுதியவரே உற்சவரைத் தூக்கிக்கொண்டு காட்டுவழி நடந்தார் என்பது தற்செயல் ஆகாது. சரணாகதி வீடுபேற்றுக்கு வழி. பிராரத்த வினையால் வந்த உடம்பைப் பேணும் அன்றாட நடத்தையை அது யாரிடமிருந்தும் பிடுங்கிக்கொள்வதில்லை. இந்த மரபின்படி குழி தோண்டுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட உயிரைத் தன்னால் இயன்றவரை காப்பதும் கைங்கரியத்தில் சேர்ந்தது.

ஒப்படைக்கப்பட்ட உயிர்களில் எதைக் காப்பது, எதை விடுவது என்ற கேள்வி சென்னையில் 1942 ஏப்ரலில் வந்தது. அந்த மாதம் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் தேதி திருகோணமலையும் குண்டுக்கு இலக்காயின. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, அவசிய வேலையில்லாதவர்கள் நகரத்தைவிட்டுப் போகலாம் என்று அறிவித்ததும் ஊர் காலியாயிற்று. இருட்டடிப்பு, மணல்மூட்டை, ஏ.ஆர்.பி. என்ற வான்தாக்குதல் முன்னெச்சரிக்கைத் தொண்டர்கள் என்று ஏற்பாடுகள் நடந்தாலும், சென்னைக்காரர் பெரிதும் நம்பிய புகலிடம் சொந்த ஊர்தான். ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருந்த உயிரியல் தோட்டத்தில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடும் என்று சிங்கம், புலி போன்ற விலங்குகளை மலபார் சிறப்புக் காவல்படையினர் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து குண்டு போட்டுப் போனதோடு சென்னையின் வான்போர் முடிந்தது. தெருவுக்கு வரவே வராத ஆபத்துக்காக, கூண்டில் அடைபட்டு மனிதரையே நம்பியிருந்த உயிர்கள் பலியாயின.

தமிழரிடையே வான்தாக்குதல் புகலிடம் வீட்டின் ஓர் அங்கமாகவே ஆனது ஈழத்தில். ‘பங்கர்’ என்றால் அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் முற்றத்தில், பள்ளிக்கூட வளவில், கோயில் வீதியில் பங்கர்கள் வெட்டப்பட்டன. குறுக்கே பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டார்கள். யாழ்தேவி ரயிலின் ஓட்டம் நின்றுபோன தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பல பங்கர்களுக்குக் கூரையாயின. சகடை, புக்காரா, கிபிர் என்று விமானத்தின் சத்தத்தை வைத்தே இன்னது என்று சொன்னார்கள். எவ்வளவு நேரத்தில் உள்ளே இறங்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் மறித்தது. வன்னிச் செம்மண் வெட்ட இசைந்தது; மாரியில் தண்ணீர் நின்றது, பாம்பு வந்தது. 2009-இல் முள்ளிவாய்க்கால் கடற்கரைக்குத் தள்ளப்பட்டபோது மணல் சரிந்துகொண்டே இருந்தது. மூட்டைக்குச் சாக்கு கிடைக்காமல் பெண்கள் சேலைகளைத் தைத்து மணல் நிரப்பினார்கள். கூறைச் சேலைகளும் அதில் போயின.

மண்ணை நம்பும் இந்தப் புகலிடத்தோடு இன்னொரு வகையும் அங்கே இருந்தது. தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் போய்த் தங்குகிறவர்கள் சுவரின் கனத்தை நம்பிப் போவதில்லை. தாக்குகிறவன் இங்கே தாக்க மாட்டான் என்பதை நம்பிப் போகிறார்கள். மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயில் இதற்குப் பேர்பெற்றது. டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670-இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் எடுத்துவரப்பட்ட மாதா சொரூபம் அது; அந்தக் கோயிலே ஒரு தலைமறைவில் பிறந்தது. போர்க்காலத்தில் பல்லாயிரம் பேர் அதன் வளவில் முகாமிட்டிருந்தார்கள். 1999 நவம்பரில் அங்கே எறிகணை விழுந்து தஞ்சமடைந்தோர் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் குருமார்கள் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்டில் அது திரும்பியது. லோகாசாரியருக்கும் அந்தக் குருமார்களுக்கும் இடையில் ஏறத்தாழ எழுநூறு ஆண்டு இருக்கிறது. செய்த காரியம் ஒன்றே.

நவாலி இன்னும் கொடியது. 1995 ஜூலை 9-ஆம் தேதி வலிகாமத்தில் இலங்கை இராணுவத்தின் படையெடுப்பு தொடங்கியபோது, வழிபாட்டிடங்களில் போய் இருக்கும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இடம்பெயர்ந்து வந்தவர்கள் புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அருகிலிருந்த சின்னக்கதிர்காமம் முருகமூர்த்தி கோயிலிலும் நிறைந்திருந்தபோது விமானம் குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் தோண்டாமல் நம்பியது தவறா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்கிறார்கள்.

சரணாகதி நூல்கள் இந்த இடத்தில் தெளிவாக இருக்கின்றன. இராமாயணத்தில் விபீடணன் அடைக்கலம் கேட்டு வந்தபோது, அவனை நம்பலாமா என்று சுக்கிரீவன் முதலியோர் வாதாடுகிறார்கள். இராமன் வந்தவனின் தகுதியை அளப்பதில்லை. தன் துணையைப் பிடித்த வேடனுக்கே உடம்பை உணவாகக் கொடுத்த புறாவின் கதையைச் சொல்லி, அபயம் என்று வந்தவனைக் காப்பது தன் விரதம் என்கிறான். தேசிகர் இந்தப் படலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அபயப்பிரதான சாரம் என்று ஒரு நூலே செய்தார். அதன் நோக்கில் பாரம் முழுவதும் அபயம் கொடுத்தவன்மேல்தான். வந்தவன் பகைவனே ஆனாலும், கொடுத்த சொல் பொய்த்தால் பழி சொன்னவனுக்கு. 2009 ஜனவரி முதல் வன்னியில் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்ட ‘பாதுகாப்பு வலயங்க’ளை இந்த அளவுகோலால் அளக்கலாம். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011 அறிக்கையில், அரசுப் படைகள் தாம் அறிவித்த வலயங்களுக்குள்ளேயே எறிகணை வீசியதாகவும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் கேடயமாக்கியதாகவும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னது. முன்னவர் அபயம் என்று சொல்லி மீறினார்கள். பின்னவர் அபயத்துக்குப் போகும் கதவை அடைத்தார்கள். வழிபாட்டிடங்களையும் ஆயுதமற்ற வலயங்களையும் காக்கும் விதிகள் ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையில் உள்ளன. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை.

சுவர் கனமாக இருந்தால் சொல் தேவையில்லை என்று நினைக்கவும் இடமில்லை. பாக்தாத்தின் அமிரியா புகலிடம் தடித்த கான்கிரீட்டால் கட்டப்பட்டது. 1991 பிப்ரவரி 13-ஆம் தேதி, அது படைத்தலைமையிடம் என்று அமெரிக்கா கருதியதால், இரண்டு குண்டுகள் கூரையைத் துளைத்து உள்ளே இறங்கின. நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் வெந்து மடிந்தார்கள். எவ்வளவு ஆழம் போனாலும், உள்ளே இருப்பது யார் என்று மேலே இருப்பவன் என்ன நினைக்கிறான் என்பதிலிருந்து தப்ப முடியவில்லை.

ஆழம் யாருக்குக் கிடைக்கிறது என்பது நீதி பற்றிய தனிக் கேள்வி. ஸ்பெயின் போரைப் பார்த்துவந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் (பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் மறைந்தவர்) 1938-இல் ஒரு நூல் எழுதி, தோட்டத்துத் தகரக் குழி போதாது, எல்லோருக்கும் ஆழ்சுரங்கம் வேண்டும் என்று வாதாடினார். அரசு செலவைக் காட்டி மறுத்தது. 1940-இல் லண்டன் மக்கள் சுரங்க ரயிலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், மேலே வராமல் இருந்துவிட்டார்கள். வன்னியில் சேலைமூட்டைக் குழிகளில் மக்கள் இருந்தபோது, புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் புலிகளின் தலைவருக்குப் பல அடுக்குக் கான்கிரீட் நிலவறை இருந்தது. போருக்குப் பின் அது சுற்றுலாக் காட்சியாகி, 2013 அக்டோபரில் இராணுவத்தால் தகர்க்கப்பட்டது. மக்களின் குழிகளைத் தகர்க்க வேண்டியிருக்கவில்லை, மழையே தூர்த்துவிட்டது.

எல்லாருக்கும் சமமாகப் புகலிடம் தர முயன்ற நாடுகளில் சிங்கப்பூர் ஒன்று. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடுத்த ஆண்டு முதல் கட்டிய வீடுகளில் இரும்புக் கதவுள்ள காப்பறை கட்டாயம். பெரும்பாலும் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் அதில் இருக்கின்றன. சுங்குவார்சத்திரம் முதல் ஒரகடம் வரையிலான ஆலைகளில் அப்படி எதுவும் கட்டப்படுவதில்லை. அகன்ற எஃகுச் சட்டத்தின்மேல் தகடு வேய்ந்த கூடங்கள் அவை; காற்றழுத்தத்துக்கு நிற்பவை அல்ல. சங்கு ஒலித்தால் எல்லோரும் வெளியே வந்து, பச்சைப் பலகை நட்ட ‘அசெம்பிளி பாயின்ட்’டில் வெட்டவெளியில் வரிசையாக நின்று தலையெண்ணிக்கை கொடுக்க வேண்டும் என்றுதான் தொழிலாளருக்குச் சொல்லித்தரப்படுகிறது. தீவிபத்துக்கும் வாயுக்கசிவுக்கும் அது சரி. வான்தாக்குதலுக்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டும்: சன்னலைவிட்டு விலகி, உள்ளே, கீழே போக வேண்டும். 2025 மே 7-ஆம் தேதி நாடு முழுதும் நடந்த பாதுகாப்பு ஒத்திகை தமிழ்நாட்டில் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. இந்த ஆலைகள் அதில் இல்லை.